ஒத்துக்கொண்ட கல்

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகையால் மற்றவர்களுடைய கல்யாண நாள்களைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பாலக்காட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கோடை விடுமுறைக்கு மூணாறில் அக்கா வீடு, அந்த நாளில் இதுதான் என் வாழ்க்கை. அக்கா பெயர் பர்வதம். அவள் கணவர் ராமபத்ரன் தேயிலைக் கம்பெனி ஆபீஸில் ஹெட்கிளார்க். எங்கள் வழக்கத்தில் அக்கா புருஷனை அத்திம்பேர் என்போம்.

எங்கள் ஊரில் பிறந்த நாளே நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் ஓர் அர்ச்சனையோடு முடிந்துவிடும். கல்யாண நாளை யார் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்? அத்திம்பேருக்கு அது துரை பங்களாவிலிருந்து தொற்றிய வியாதி. முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரை வருஷா வருஷம் தன் கல்யாண நாளுக்குத் துரைசானிக்குக் கொச்சியிலிருந்து ஏதாவது நகை வரவழைப்பாராம். பார்சலைச் சரிபார்த்து பங்களாவில் கொண்டுபோய்க் கொடுப்பது அத்திம்பேரின் வேலை. துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார், பழக்கத்தை மட்டும் அத்திம்பேர் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

அத்திம்பேருக்கு நல்ல மனசு உண்டு, கண்தான் கிடையாது. யாரையும் கேட்காமல் கடைக்குப் போய் அவரே பொறுக்குவார். ஒரு வருஷம் மோதிரம் வந்தது. அக்கா விரலில் அது பம்பரம் மாதிரிச் சுற்றியது, உள்ளே நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். இன்னொரு வருஷம் மயில் பதக்கம். அந்த மயிலைப் பார்த்தால் கோழி என்று குழந்தைகூடச் சொல்லும். அக்கா எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு, மறுநாள் மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியில் வைத்துவிடுவாள். "நன்னா இருக்கு" என்பாள்.

இதில் இன்னொரு சடங்கும் உண்டு. எந்த நகை வந்தாலும் முதலில் அத்திம்பேரின் அம்மா கைக்குப் போக வேண்டும். தைலாம்பாள் மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு வரும். ஒரு வருஷம் வந்த வளையைப் பார்த்து மாமி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ராமபத்ரா, இது வளையா, வாளிக்குப் பிடியா?"

மாமி வாயைத் திறந்தால் எதிரில் நிற்கிறவன் தப்பிக்க முடியாது. எனக்கும் வாய் நீளம்தான். ஆனாலும் மாமிக்கு முன்னால் நான் பால்குடிக் குழந்தை.

அக்காவுக்கு மோதிரத்திலோ வளையிலோ ஆசை கிடையாது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, வைரத்தோடு. கல்யாணத்தில் ஏழுகல் வைரத்தோடு போடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷம் எலப்புள்ளிப் பக்கத்து நிலத்தில் நெல் கருகிப்போய்விட்டது. சிவப்புக் கல் தோட்டோடுதான் அக்கா மணையில் உட்கார்ந்தாள். மாமி அப்போது சண்டை போடவில்லை. போட்டிருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அதற்குப் பதிலாக, யார் வீட்டுக்கு வந்தாலும் "எங்காத்து மாட்டுப்பெண்ணுக்குச் சிவப்புக் கல்லாக்கும் இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், வருஷக்கணக்காக.

ஐப்பசி கடைசியில் கல்பாத்தித் தேருக்கு அக்கா மலை இறங்கி வருவாள். பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு காதும் சுடர்விடும். அக்கா கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வாள். புடவைத் தலைப்பை எடுத்து எடுத்துக் காதோரம் இழுத்துக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா மேல் கோபம் வரும், மாமி மேல் கோபம் வரும், கருகின நெல் மேலும் கோபம் வரும்.

மாமிக்கே ஒரு காலத்தில் நல்ல வைரத்தோடு இருந்தது. மாமா போனதும் கழற்றி, பம்பாயில் இருக்கும் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் முறை. அம்மா தோடு மகளுக்குப் போகும். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அத்திம்பேர் முதன்முதலில் வைரத்தோடு பேச்சை எடுத்தபோது மாமி அரிசி களைந்துகொண்டே சொன்னார்:

"பொண்ணு இல்லாதவளுக்கு வைரத்தோடு என்னத்துக்கு? யாருக்குக் குடுக்கப் போறா?"

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள், ஊதுவதை நிறுத்தவில்லை. நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அத்திம்பேர் மட்டும் அந்த முறை அம்மா பேச்சைக் கேட்டு ஒதுங்கவில்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாள் எழுபத்தைந்து வைகாசியில் வருகிறது, அதற்குள் வைரத்தோடு போட்டே தீருவது என்று இரண்டு வருஷம் முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார்.

வைரம் வாங்குவது கத்திரிக்காய் வாங்குவது மாதிரி இல்லை. விலை பேசி முடித்தாலும் கல் நம்முடையது ஆகாது. மூன்று நாள் வீட்டில் சுவாமிக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாளில் வீட்டில் கெட்டது எதுவும் நடக்காவிட்டால் கல் ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். ஏதாவது நடந்தால் கல்லுக்குத் தோஷம், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வைர வியாபாரிகளுக்கும் இது தெரியும், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

கல் கொண்டுவந்தவர் உடுமலைப்பேட்டைத் தரகர் ஈஸ்வரமூர்த்தி. மறையூர் வழியாகப் பஸ் ஏறி, குடல் வாய்க்கு வந்துவிட்ட முகத்தோடு வந்து இறங்குவார். முதல் ஜோடி வந்த மறுநாளே பம்பாய் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று தந்தி வந்தது. மாமி தந்தியை மடித்து வைத்துவிட்டு, "கல்லை எடுத்துண்டு போகச் சொல்லு" என்றார். அதையாவது ஒப்புக்கொள்ளலாம். அடுத்த வருஷம் இரண்டாவது ஜோடி வந்தபோது நடந்தது என்ன தெரியுமா? பால் திரிந்துவிட்டது. மாட்டுப்பட்டிப் பண்ணைப் பால், மூணாறுக் குளிர், இரண்டு நாள் வெளியில் வைத்தாலும் கெடாத பால் அன்றைக்குத் திரிந்தது. மாமி பாத்திரத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி பொட்டலத்தை மடித்துக்கொண்டே சிரித்தார். "கல்லு பாலைத் திரிய வெக்குமுங்களா பெரியம்மா? அப்படின்னா தயிர் யாவாரிக எல்லாம் ஆளுக்கொரு வைரம் வாங்கிப் போட்டுக்குவாங்களே!"

"உமக்கு யாவாரம், எனக்குக் குடும்பம்" என்றார் மாமி. அதோடு கதை முடிந்தது.

மூன்றாவது தடவை ஈஸ்வரமூர்த்தி வந்தது எழுபத்தைந்து சித்திரையில். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க சாமி, ரெண்டு வாட்டி திரும்பிப் போச்சு. மூணாவது வாட்டியும் திரும்புச்சுன்னா இந்த ஊட்டுக்கும் என் கல்லுக்கும் ராசியில்லைன்னு நெனச்சுக்குவனுங்க. பொறவு மலையேற மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க."

அத்திம்பேர் தலையை ஆட்டினார். அக்கா காபி டம்ளரை நீட்டினாள். வேறு தரகரைத் தேடலாம், வேறு கல் பார்க்கலாம், ஆனால் அத்திம்பேரைப் பார்த்தால் இன்னொரு தடவை அம்மாவோடு மல்லுக்கட்ட அவருக்குத் தெம்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தடவை இல்லாவிட்டால் இனி இல்லை.

ஈஸ்வரமூர்த்தி தோடு எப்படி இருக்கும் என்று காட்ட, கற்களை மெழுகில் ஏழேழாகப் பதித்துக் கொடுத்திருந்தார். சாயங்காலம் அதைச் சுவாமி அலமாரியில் வைப்பதற்கு முன்னால், யாரும் இல்லை என்று நினைத்து அக்கா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். சிவப்புக் கல் தோட்டைக் கழற்றிவிட்டு, மெழுகு வில்லையை ஒரு காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள். நாற்பத்து மூன்று வயதுக்காரி, பதினெட்டு வயதில் நிற்க வேண்டிய மாதிரி நின்றாள். நான் அறை வாசலில் இருந்தேன். எனக்கு எதிரே, நடை இருட்டில், மாமி நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிற்று, இப்போது ஏதாவது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியில் மாமியைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டுக் கையை இறக்கினாள்.

"விளக்கு வச்சப்புறம் பாரு" என்றார் மாமி. "அப்போதான் கல்லுக்குள்ள ஓடற நீரோட்டம் தெரியும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அந்த வீடு இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். அத்திம்பேர் சைக்கிளைத் தொடவில்லை, ஆபீசுக்கு நடந்தே போனார். தந்தி எது வந்தாலும் மூன்று நாள் கழித்துக் கொடுத்தால் மதி, அது போதும் என்று தபால்காரரிடம் சொல்லிவைத்தார். அக்கா பாலை வாங்கினதும் வாங்காததுமாகக் காய்ச்சினாள். என் கை தவறி ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துண்டுகளைப் பொறுக்கி என் துணிப்பையில் அடியில் போட்டு மறைத்துவிட்டேன். கணக்கு டீச்சர் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் அன்றைக்கு யாருக்கும் புத்தி சரியாக இல்லை.

மாமியின் மடி மட்டும் அந்த நாள்களில் முன்னைவிடக் கூடிவிட்டது. விடிவதற்கு முன் வெளியே குளிக்கிற அறையில் குளித்து, யார் கையும் படாமல் தனியே உலர்த்தின புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தால், சாப்பிட்டு முடிகிற வரை யாரும் அவரைத் தொடக்கூடாது என்பது எப்போதும் உள்ளதுதான். இப்போதோ சாப்பிட்ட பிறகும் "தொடாதே, தள்ளி நில்லு" என்றார். புடவையை இரண்டு தோளும் மூடும்படி இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து ஜபம் செய்தார்.

இன்னொன்றும் நடந்தது. மாமி குடிக்கிற தண்ணீரை மாமியேதான் இறைப்பார். அந்தப் பித்தளைக் குடத்தை இருபத்தைந்து வருஷத்தில் அக்கா தொட்டதில்லை. கல் வந்த மறுநாள் காலையில் மாமி சொன்னார்:

"பர்வதம், குளிச்சுட்டு மடியா என் ஜலத்தை நீ கொண்டு வா. காயும் நீயே நறுக்கு."

அக்கா ஈரத் தலையோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. முகம் மலர்ந்து கிடந்தது. என்னிடம் ரகசியமாக, "அம்மாவுக்கு மனசு மாறித்துடி" என்றாள். வயசாக ஆக அதிகாரம்தான் கூடுகிறது என்றேன் நான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றினதும் மாமி அலமாரி முன்னால் போய் நின்றார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். அத்திம்பேர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒத்துண்டுடுத்து" என்றார் மாமி. "தோடு கட்டக் குடு."

தோடு கட்டி வரும்வரை மாமியின் மடியும் போர்வையும் குறையவில்லை. கோயம்புத்தூர் ஆசாரியிடம் கட்டி வாங்கி, கல்யாண நாளுக்கு முதல் நாள் ஈஸ்வரமூர்த்தியே கொண்டுவந்தார். பதினாலு கல்லும் ஒரே நீரோட்டம். அத்திம்பேர் வாழ்நாளில் முதல் தடவையாகச் சரியாகப் பொறுக்கியிருந்தார். மறுநாள் காலையில் அவர் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு தட்டில் தோட்டை வைத்து அம்மாவிடம் நீட்டினார்.

"அம்மா, எப்பவும் போல நீயே குடு."

மாமி போர்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. "இது வைரம். என் கையால வேண்டாம். பட்டு, நீ குடு. கன்னிப் பொண்ணு கையால வாங்கிக்கட்டும்."

நாற்பதை நெருங்கும் கன்னிப் பெண்ணாகிய நான் இரண்டு கையாலும் தட்டை எடுத்துக் கொடுத்தேன். விதவை என்பதால் ஒதுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா திருகாணியை முடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார். அப்பா இருந்திருந்தால் பார்த்திருப்பாரே என்று எனக்கு இருந்தது.

அப்போது பின்வாசலில் சுருளியம்மாள் குரல் கேட்டது. கம்பம் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த பெண், காலையில் பாத்திரம் தேய்க்க வருகிறவள். அக்கா அவளிடம் காட்டப் போனாள்.

"ஆத்தாடி! என்னமா மினுங்குது!" என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள். பிறகு எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "தோடு காதுல ஏறிருச்சுல்ல? இனி நான் சொல்லலாம்ல? ஏம்மா, பெரியம்மா கைய ஆசுபத்திரில காட்டுங்க. மொழங்கை வரைக்கும் வீங்கிக் கெடக்கு. நானும் பச்சிலை வச்சுக் கட்டிக் கட்டிப் பாத்துட்டேன், எறங்கவே மாட்டேங்குது" என்றாள்.

"எந்தக் கை? என்ன ஆச்சு?"

"இடது கைதான். குளிக்கிற எடத்துல பாசி வழுக்கி விழுந்துட்டாகல்ல. நான்தான் தூக்கி விட்டேன்."

"எப்போ?" என்றாள் அக்கா. அவள் குரல் மாறிவிட்டது.

"அந்தக் கல்லு வந்துச்சே, அதுக்கு மறுநா விடியக்காலம். தோடு காதுல ஏறுற வரைக்கும் ஒரு சொல்லு வெளிய வரக் கூடாதுன்னு என் தாலி மேல சத்தியம் வாங்கிட்டாகம்மா. நான் என்ன செய்ய?"

தண்ணீர்க் குடம், காய், தள்ளி நில்லு, தட்டை வாங்காத கை. ஒவ்வொன்றாக வந்து என் மண்டையில் இடித்தது. அக்கா ஓடினாள். மாமி மூலையில் ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா போர்வையை விலக்கினாள். மணிக்கட்டு கோணிக்கொண்டு, கறுத்து, புடைத்து நின்றது. அத்திம்பேர் "அம்மா" என்று பதறிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தார்.

அக்காவின் இரண்டு கையும் காதுக்குப் போயின. திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கழட்டாதே!" என்று மாமி போட்ட அதட்டலில் சுருளியம்மாள் கூடப் பின்வாசலில் நகர்ந்து நின்றாள்.

"அம்மா, கல் வந்த மறுநாளே உங்களுக்கு இப்படி..."

"எனக்குத்தானே? கல்லு எனக்கா வாங்கினது? எனக்கு ஒத்துக்கலை, சாரமில்லை, போகட்டும். உனக்கு ஒத்துண்டதோன்னோ? மதி."

என் வாய் சும்மா இருக்குமா? "பால் திரிஞ்சதுக்குக் கல்லைத் திருப்பினேளே மாமி!" என்றேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார். "என் தோட்டைக் கழட்டின அன்னிக்குக் கண்ணாடியில பாத்தேன். அப்புறம் நான் கண்ணாடியே பாக்கலை. அன்னிக்கு நீ நிக்கறதைப் பாத்ததும் இது திரும்பிப் போகப்படாதுன்னு தோணித்து. மறுநா காலம்பற விழுந்தேன். என்ன பண்ணச் சொல்றாய்?"

அக்கா அப்படியே உட்கார்ந்து மாமியைக் கட்டிக்கொண்டாள். "மடி, மடி" என்று மாமி இரண்டு தரம் சொன்னார். ஆனால் விலகவில்லை. அக்கா அழுகிற சத்தம் கேட்டது, நானும் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்து, கவனிக்காமல் விட்டதில் கோணலாகவே கூடிவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் போட்டார், வலி குறைந்தது, கை நேராகவில்லை. மாமிக்குத் தண்ணீர் இறைப்பது நிரந்தரமாக அக்கா வேலை ஆயிற்று. மாமி அதற்குப் பிறகும் திட்டிக்கொண்டுதான் இருந்தார், தண்ணீரில் தூசி என்பார், குடம் துலங்கவில்லை என்பார். அடுத்த வருஷம் அத்திம்பேர் வாங்கிவந்த சங்கிலியைப் பார்த்து, "இது கன்னுக்குட்டிக்கா?" என்று கேட்கவும் செய்தார். அக்கா சிரித்தாள்.

தோடு போட்ட அந்த வருஷ ஐப்பசியில் தேருக்கு மாமியும் வந்தார். அக்கா முன் வரிசையில் நின்றாள், தலைப்பை இழுத்துக்கொள்ளவில்லை. தேர் திரும்புகிற முனையில் தெருக்காரப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மாமியிடம் கேட்டாள்:

"கல்லு நன்னா ஒத்துண்டுதா மாமி? உங்களுக்கு லேசில பிடிக்காதே!"

மாமி இடது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"மூணு நாள் ஆத்துல வச்சுப் பாத்தேன்" என்றார். "ஒரு துரும்பு கூட அசையலை."